மீண்டும் வருவதெல்லாம் மெய்யா?

அளக்கும் கருவி எதுவாயினும் அதில் இரைச்சல் புகுந்தே தீரும். அது இருவகைப்படும். ஒன்று, முறையின்றித் தோன்றி மறைவது. மற்றொன்று, மாற்று மின்னோட்டத்தின் ரீங்காரம்போல் காலந்தவறாமல் வந்து குறுக்கிடுவது. முன்னது எளிய பகை. ஒரே அளவை நூறு முறை எடுத்துச் சராசரி கண்டால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். பின்னதோ அத்தகையதன்று. அளவீட்டோடு அடிபிறழாமல் உடன்வரும் குறுக்கீடு, ஆயிரம் முறை அளந்தாலும் தேயாது. உண்மையின் கோலம் பூண்டு நிலைத்து நிற்கும். ‘பலமுறை கண்டதால் மெய்’ என்னும் வாதம் இங்கே தளர்ந்துவிடுகிறது. பின், எதைக்கொண்டு தெளிவது?

1967ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாயிருந்த ஜோசலின் பெல், வானொலித் தொலைநோக்கி பதிந்த தாளை நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம் கண்ணால் ஆராய்ந்து வந்தார். அதில் அரை சென்டிமீட்டர் அளவே இருந்த ஒரு கீறல், அவர் தேடிய விண்பொருள்களின் மினுக்கத்தையும் ஒக்கவில்லை. மனிதக் கருவிகளின் குறுக்கீட்டையும் ஒக்கவில்லை. அவர் அதனைப் புறக்கணிக்கவில்லை. நவம்பரில் தாளை விரைந்தோடச் செய்து பதிந்தபோது, 1.337 வினாடிக்கு ஒன்றாகத் துடிப்புகள் தெரிந்தன. இத்துணை ஒழுங்கு மனிதர் செயலாகவே இருக்கும் என்று அவருடைய ஆசிரியர் ஆன்டனி ஹியூவிஷ் முதலில் கருதினார்.

அவ்வையம் குற்றமன்று. அது எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது என்பதே வினா. மனிதர் அலுவல்கள் 24 மணி நேர நாளை ஒட்டியவை. அக்குறியோ, விண்மீன்களைப் போல் 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை வந்தது. விண்மீன் நேரத்தில் பணிபுரியும் வானியலார் வேறெவரேனும் காரணமோ என்றும் வினவினர். மற்றொரு தொலைநோக்கியிலும் அது தென்பட்டது. டிசம்பரில் வானத்தின் வேறொரு திசையில் இரண்டாவது துடிப்பு கிட்டியது. 1968இல் உலகறிந்த அத்துடிப்புகள், சுழலும் நியூட்ரான் விண்மீன்களிலிருந்து வருவன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மாந்தர் மதிப்பீட்டிலும் இவ்விரு இரைச்சல்களும் உண்டு. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், களைப்பால் ஓரிடத்தில் ஒரு மதிப்பெண் கூட்டுவார், வேறோரிடத்தில் குறைப்பார். ஆண்டிறுதியில் அவை பெரும்பாலும் சமன்படும். ஆனால் அழகிய கையெழுத்தின்மீது அவருக்குள்ள பற்று ஒவ்வொரு தாளிலும் ஒரே பக்கமாகச் சாயும். இருபதாண்டு அனுபவம் அதனைக் கரைப்பதில்லை. அதற்குச் சான்றாகவே வந்து நிற்கிறது.

ஆகவே, நேர்மைக்கு உழைப்பு மட்டும் போதாது. தீர்ப்பு மாணவனின் அறிவோடு அசைகிறதா, தம் விருப்போடு அசைகிறதா என்று ஆசிரியர் சோதித்தல் வேண்டும். பெயரை மறைத்துத் திருத்தலாம். மற்றோர் ஆசிரியரிடம் அதே தாளைத் தரலாம். அது அவருடைய இரண்டாவது தொலைநோக்கி. அவ்வாறு நோக்கியபின், தமக்குப் பிடிக்காத கையெழுத்தில் எழுதப்பட்ட நல்ல விடையொன்று அவர் கண்ணில் படவும் கூடும்.