வராத வாடகைக்காரர்

'மதிப்பீடு' என்ற சொல் ஆசிரியனுக்குப் புதிதில்லை. ஆசிரியர் கலாசாலையில் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தோம்: எதை அளக்கிறோம், எதைக்கொண்டு அளக்கிறோம், நாளைக்கு வேறொருவர் அளந்தாலும் இதே புள்ளி வருமா? பிள்ளையின் விடைத்தாளில் பிள்ளை எழுதியது மட்டுமே இருக்கும். ஒரு மனிதனின் வீட்டில் சுவரும் கூரையும் போக அந்த ஊரின் வீதி, தண்ணீர், அயல், முடிந்துபோன யுத்தம் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. இத்தனையையும் ஒரே எண்ணாக்கி, அந்த எண்ணில் நூற்றுக்கு இத்தனை என்று உள்ளூராட்சி சபை கேட்பதைத்தான் நாம் சோலைவரி என்கிறோம். (மன்னார்க் கரையில் உடைமரமும் பனையும்தான் உண்டு. சோலை எங்கே, வரி மட்டும் வந்திருக்கிறதே என்று கேட்டுச் சிரிக்காத பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு.)

இந்த எண் பிழை என்று சொல்வதற்குச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. சபை அறிவித்தல் அனுப்பும். குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் குறித்து விசாரிப்பார்கள். முடிவில் திருப்தியில்லாதவர் நீதிமன்றம் போகலாம். கிராமத்தில் பேனை பிடிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த ஆட்சேபனைக் கடிதங்களை எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. எழுத எழுத ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தன் வீடு பெறுமதி குறைந்தது என்று ஒரு மனிதன் வாதாடும்போது அவன் கேட்பது உண்மையையா, நீதியையா, சலுகையையா?

சட்டம் அளக்கப் புறப்படுவது வீட்டின் விற்பனை விலையை என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அது தேடுவது 'வருடாந்தப் பெறுமதி'யை. அதாவது ஒரு வாடகைக்காரர் இந்த வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கொடுப்பார் என்பதை. அவர் வரிகளைத் தாமே கட்டுவார், திருத்த வேலைகளை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று சட்டமே அவருக்காக ஒப்பந்தமும் பேசி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் ஏழைகளின் பராமரிப்புக்கான வரியை ஒழுங்குபடுத்த 1836இல் வந்த சட்டம் இந்த அளவுகோலைத் தெளிவாக வகுத்தது. ஆங்கிலேயர் ஆண்ட இடங்களுக்கு அது கூடவே கப்பலேறியது. சென்னைக்குப் போனது, கொழும்புக்கு வந்தது, பிந்தியேனும் எங்கள் கரைக்கும் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் வீட்டை வாடகைக்கு விடும் வழக்கம் இல்லை. வீடு மகளுக்குரியது. கொடுக்கும்வரை உம்மாவும் வாப்பாவும் அதில் இருப்பார்கள், கொடுத்த பின்னும் பின்னறையில் இருப்பார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியருக்கு ஓர் அறை கொடுத்துவிட்டுக் காசு வாங்கினால் ஊர் பேசும். ஆகவே சட்டம் சொல்லும் அந்த வாடகைக்காரர் ஒருநாளும் வரப்போவதில்லை. மதிப்பீட்டாளர் அவரைக் கற்பனையில் அழைத்துவந்து முற்றத்தில் நிறுத்தி, இதற்கு எவ்வளவு தருவீர் என்று கேட்கிறார்.

நான் இதைக் கேலி செய்யவில்லை. வீட்டுக்காரனின் கண்ணும் வரி கேட்பவனின் கண்ணும் நம்பத்தகாதவை என்பதால் மூன்றாவது ஒருவரின் கண் தேவைப்படுகிறது. ஆனால் அந்த மூன்றாமவர் எந்த நாளில் வந்து பார்க்கிறார்? மடு மாதா ஆலயத்துக்கு ஆகஸ்ட் 15 திருவிழாவையொட்டி இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அந்தக் கிழமை வழியோரக் கொட்டில் ஒன்றுக்கும் வாடகை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் அதே கொட்டிலில் ஆட்டைக் கட்டவும் யோசிப்பார்கள். 2013இல் மடு வீதி வரையும் 2015இல் தலைமன்னார் வரையும் ரயில் திரும்பி வந்தது. நிலையத்தருகே காணி வைத்திருப்பவர் ஒரு கல்லையும் புரட்டாமலே பெறுமதி கூடியவராகிறார். ஒரு வருடத்தோடு இன்னொரு வருடத்தைச் சேர்த்துச் சராசரியாகப் பார் என்கிறது சட்டம். நல்ல புத்திதான். ஆனால் எங்கள் வருடங்கள் ஒன்றோடொன்று சேர்பவை அல்ல.

சர்வதேச நாணய நிதியத்தின் 2024 ஜூன் அறிக்கையில், சொந்த வீட்டில் இருப்பவருக்கும் அந்த வீட்டின் ஊக வாடகையை வருமானமாகக் கணக்கிட்டு வரி விதிக்கும் யோசனை வந்தபோது, எனக்கு நானே வாடகை கொடுக்கிறேனா என்று தலைநகரில் பலர் கோபப்பட்டார்கள். 2025இல் வரவிருந்த அந்த வரி நடைமுறைக்கு வரவில்லை. சோலைவரி எத்தனையோ காலமாக இதே கற்பனை வாடகைக்காரரின் தோளில்தான் ஏறி வந்திருக்கிறது என்பதை அப்போது யாரும் நினைவூட்டியதாகத் தெரியவில்லை.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். மச்சான் முறையான ஒருவர் அறிவித்தலோடு வந்தார். சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு, குடியிருக்கத் தகுதியில்லாத வீடு என்று எழுதச் சொன்னார். "போன மாசம் மாப்பிள்ளை வீட்டாருக்கு மாபிள் போட்ட வீடு எண்டு சொன்னீங்களே மச்சான்?" என்றேன். "அது கலியாணம், இது வரி" என்றார், சற்றும் யோசியாமல்.

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். அவர் பொய்யர் அல்லர். கடையில் ஒரு ரூபா கூடுதலாக மீதி வந்தால் திரும்பிப்போய்க் கொடுக்கிற மனிதர். அவரைப் பொறுத்தவரை பெறுமதி வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றில்லை. கேட்பவரைப் பொறுத்து அது மாறும். ஒரு வகையில் பொருளியல்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் 'முதஃப்பிஃபீன்' அத்தியாயம் யாரைக் கண்டிக்கிறது என்று பாருங்கள். தான் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவனை. குற்றம் அந்த இரண்டாவது கோலில் இருக்கிறது. இருப்பதை எழுதலாம் என்றேன். நாடாவால் அளந்த நீள அகலம், அறைகளின் எண்ணிக்கை, கிணற்றுத் தண்ணீர் உவர், மழைக்காலத்தில் ஒழுங்கைக்குள் முழங்கால் வெள்ளம். இவையெல்லாம் உண்மை, இவையே போதும். அவருக்குப் போதவில்லை. வேறொருவரைக்கொண்டு எழுதுவித்தார். இரண்டு மாதம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவருடைய வரி குறைந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் பொய் வென்றது என்று சலித்துவிட்டுப் போயிருப்பேன். அவருக்கு அடுத்த வளவில் ஒரு ராத்தா இருக்கிறார். இரண்டு வீடுகளும் மீள்குடியேற்றத்தின்பின் இந்திய வீட்டுத் திட்டத்தின் 550,000 ரூபா மானியத்தில் ஒரே மேசன் ஒரே அளவில் கட்டியவை. மாபிள் மச்சானின் வீட்டில் மட்டும்தான். அறிவித்தல் வந்த காலத்தில் ராத்தா கணவரை இழந்து இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்து அவர் வெளியே வந்தபோது ஆட்சேபனைத் திகதி போய்விட்டிருந்தது. இப்போது குறைந்த வீட்டுக்காரி கூடுதலாகவும் கூடிய வீட்டுக்காரர் குறைவாகவும் கட்டுகிறார்கள்.

ராத்தாவின் எண்ணில் பிழை இல்லை. அளவும் சரி, கணக்கும் சரி. அப்படியானால் அவருக்கு அநீதி நடந்ததா?

பரீட்சைத் திணைக்களத்திடம் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, பக்கத்து மேசைக்காரனுக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள், எனக்கும் போடுங்கள் என்று கேட்க முடியாது. தன் தாளைப் பற்றி மட்டும்தான் பேசலாம். வரியில் அப்படியில்லை என்று நான் நினைக்கிறேன். புள்ளி அறிவை அளக்கிறது, அறிவு அவரவருக்குரியது. வரி ஒரு பொதுச் சுமையைப் பங்கிடுகிறது. பங்கு என்று வந்துவிட்டால் பக்கத்தவரின் பங்கைப் பார்க்காமல் என் பங்கு சரியா என்று சொல்லவே முடியாது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மிசூரி ஆற்றுப் பாலமொன்றை வைத்திருந்த கம்பனி இதே முறைப்பாட்டோடு போனது. பாலத்துக்கு முழுப் பெறுமதியில் வரி. அந்த மாவட்டத்தின் மற்றச் சொத்துக்களுக்கோ அவற்றின் உண்மைப் பெறுமதியைவிட மிகக் குறைந்த மதிப்பீட்டில். முழுப் பெறுமதி என்பதுதான் எழுதப்பட்ட சட்டம், ஆகவே உங்கள் எண் சரி, மற்றவர்களுடையதை உயர்த்தும்படி வேண்டுமானால் கேளுங்கள் என்று கீழே சொல்லப்பட்டது. 1923இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உண்மைப் பெறுமதி, எல்லோருக்கும் ஒரே விதம் ஆகிய இரண்டையும் ஒருசேரப் பெற முடியாதபோது இரண்டாவதே சட்டத்தின் நோக்கம் என்றது. அயலவர் அத்தனை பேர் மேலும் வழக்காடும்படி ஒருவரிடம் சொல்வது பரிகாரம் ஆகாது என்பதும் அதன் கருத்து. இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் உறவினர்கள் கட்டும் சபை வரி இன்றைக்கும் 1991 ஏப்ரல் 1ஆம் திகதியின் விலையை வைத்தே படிநிலைப்படுத்தப்படுகிறது. அந்த எண்களில் ஒன்றும் இன்று உண்மையில்லை. எல்லோருக்கும் ஒரே பழைய எண் என்பதால் சனம் பொறுத்துக்கொள்கிறது.

ஆகவே ராத்தாவுக்கு அநீதி நடந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. அதைச் செய்தவர் மச்சான் மட்டுமல்லர். வந்து பேசியவரின் எண்ணைத் திருத்திவிட்டு, வராதவரின் எண்ணை அப்படியே விட்டுவைக்கும் முறையும் சேர்ந்தே செய்திருக்கிறது. சிக்காகோ நகரைச் சேர்ந்த குக் மாவட்டத்தில் வசதிகுறைந்தோரின் வீடுகள் அவற்றின் பெறுமதிக்கு மிஞ்சியும் வசதியுள்ளோரின் வீடுகள் குறைத்தும் மதிப்பிடப்பட்டதை 2017இல் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். அங்கே முறையீட்டுக்கு வாசல் இல்லாமல் இல்லை. வழக்கறிஞர் வைக்கக்கூடியவர்கள் அந்த வாசலால் திரும்பத் திரும்பப் போய்வந்ததில் இடைவெளி இன்னும் அகன்றது. பிழையைத் திருத்த வைத்த வாசலே பிழையைக் கூட்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வழக்கறிஞர் இல்லாவிட்டாலும் வராதவர்கள் நிறைய உண்டு. விசாரணை நாளில் மீனவர் கடலில். அறிவித்தல் கிடைத்தும் வாசிக்காதவர், வாசித்தும் கந்தோர் என்றால் தயங்குபவர். கேட்பவர்களும் எப்போதும் நாம் தெரிந்தெடுத்தவர்களாக இருந்ததில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல்வரை நாட்டின் பெரும்பாலான சபைகளை உத்தியோகத்தர்களே நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, சிலர் உறுப்பினர்களைவிடப் பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் வரியை வாங்கும் கையே ஆட்சேபனையையும் வாங்குகிறது என்பது மாறவில்லை. குறைந்தது ஒன்று செய்யலாம். ஒருவரின் மதிப்பீடு குறைக்கப்பட்டால், அதே அளவான அயல் வீடுகளையும் யாரும் கேளாமலே திறந்து பார்க்க வேண்டும். முழுப் பட்டியலையும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்ட வேண்டும். தன் எண் பக்கத்தவருக்குத் தெரியும் என்றால் மச்சானும் மாபிளை மறைக்க யோசித்திருப்பார்.

வராதவர்களில் ஒரு கூட்டம் தனி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து புத்தளம் கரைக்குப் போனவர்களில் பலர் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். காணி இங்கே, ஆள் அங்கே. பத்து வருட ஆட்சி உரிமை என்ற பழைய விதி அவர்களுக்கு எதிராகத் திரும்பும் என்பதால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழக்குப் போட அது தந்த இரண்டு வருடமும் போய்விட்டது. சோலைவரிப் பற்றுச்சீட்டு உறுதியாகாது, நீதிமன்றத்தில் அது தனியே நின்று உரிமையை நிறுவாது. ஆனாலும் உறுதி தொலைந்தவனுக்கு அந்தச் சீட்டில் தன் வாப்பாவின் பெயர் இருப்பது சிறிய விசயமில்லை.

அப்படியொரு பெரியவர் புத்தளத்திலிருந்து தொலைபேசியில் பேசினார். "மாஸ்டர், சபைப் புத்தகத்தில என்ட வளவு வெறுங்காணி எண்டு கிடக்காம். அங்க வாப்பா கட்டின கிணறு இருக்கு. வீட்டு அத்திவாரம் இருக்கு. அதை எழுதச் சொல்லுங்க." எழுதினால் பெறுமதி ஏறும், வரியும் கூடும் என்றேன். "கூடட்டும் மாஸ்டர்" என்றார்.

போய்ப் பார்த்தேன். கிணற்றுக் கட்டில் பாதி இடிந்திருந்தது, உள்ளே தண்ணீர் இருந்தது. அத்திவாரத்தை உடைமரம் மூடியிருந்ததால் ஒரு பக்கத்தைத்தான் அளக்க முடிந்தது. அளந்ததை எழுதி, ஆட்சேபனைக்கான காரணம் என்ற இடத்தில் 'பெறுமதி குறைவாக மதிப்பிடப்பட்டுள்ளது' என்று குறிப்பிட்டேன். கந்தோரில் கடிதத்தை வாங்கிய பிள்ளை, குறைவாகவா கூடுதலாகவா என்று இருமுறை கேட்டுவிட்டுத்தான் திகதி முத்திரையைக் குத்தியது.