உதவித்தொகை கேட்பது இரத்தலா?

கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பிப்பவர் கையேந்துகிறாரா, தமக்குச் சேரவேண்டியதைக் கேட்கிறாரா என்ற கேள்வி, பிளஸ் டூ முடிவு வந்ததும் பல வீடுகளில் எழுகிறது. காரைக்கால் மாவட்டத்து நெடுங்காடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரி ஆகிய இரண்டும் அங்கே அருகருகே இருக்கின்றன. நெடுங்காடு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. வயல் வேலைக் கூலியை நம்பிய குடும்பங்கள் அங்கே உண்டு. கல்லூரி பக்கத்தில் இருந்தாலும் கட்டணத்துக்கு வெளியே கைநீட்ட வேண்டியிருக்கிறது. புதுச்சேரியின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தவர்களுக்குப் புதுச்சேரி அரசின் காமராஜர் நிதியுதவித் திட்டம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

இருந்தும் விண்ணப்பிக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்துக்குத் தமிழ் மரபில் ஆழமான வேர் இருக்கிறது. இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று வள்ளுவர் சபிக்கிறார். ஆனால் அந்தக் குறள் இடம்பெறும் இரவச்சம் அதிகாரத்துக்கு முந்தையது, இரத்தலைப் பற்றிய ‘இரவு’ அதிகாரம். கொடுப்பதைத் தம் கடமையென அறிந்து, ஒளிக்காத மனத்தோடு இருப்பவர்முன் நின்று கேட்பதில் ஓர் அழகு உண்டு என்று அங்கே அவரே சொல்கிறார். கேட்பதன் இழிவை, கேட்கப்படுபவரின் தன்மையும் தீர்மானிக்கிறது என்பதே இவற்றைச் சேர்த்துப் படிப்பதால் கிடைக்கும் பொருள். கல்வி அதிகாரத்தில் இன்னும் ஒரு படி போகிறார்: செல்வர்முன் வறியவர் நிற்பதுபோல் ஆசிரியர்முன் ஏங்கி நின்று கற்றவரே உயர்ந்தவர், அப்படி நிற்கக் கூசிக் கல்லாதவரே கடையர். வயிற்றுக்கு இரப்பதை வெறுத்தவர், கல்விக்காகத் தாழ்ந்து நிற்பதைப் பெருமையாகவே கண்டார்.

கேட்பவர் பக்கத்தில் உரிமை இருக்கிறது என்பதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது குர்ஆன். செல்வரின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிய பங்கு உண்டு என்பது அதன் கூற்று. ஜகாத் என்னும் கொடை அந்த அடிப்படையில் நிற்கும் கடமை. கொடுப்பவர் விரும்பினால் கொடுக்கலாம் என்ற நிலை அங்கே இல்லை.

அருளிலிருந்து உரிமைக்கு வந்த பாதையை அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே காணலாம். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டு பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் பணிக்குத் திரும்பியவருக்கு, சாதியின் காரணமாக அந்த நகரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. வேலையை விட்டு வெளியேறினார். படிக்கவைத்த அரசால் படித்தவரை மதிக்கும் ஊரைத் தர முடியவில்லை. அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. ஒரு மன்னரின் மனத்தைப் பொறுத்திருந்த உதவி, அரசின் வரவுசெலவுக் கணக்கில் இடம் பெற்றது. இன்று அதன் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பெரும்பாலும் 60:40 என்ற அளவில் ஏற்கின்றன. அந்தப் பணத்தைக் கேட்கிற மாணவர் யாருடைய கருணைக்கும் காத்திருக்கவில்லை.

ஆனால் உரிமையைப் பெறும் முறை அவமதிப்பதாக இருக்கக்கூடும். சிக்கலின் கடினமான பகுதி இதுதான். காரைக்கால் அம்மையார், பசியோடு வந்த சிவனடியாருக்குக் கணவன் அனுப்பிய மாங்கனிகளில் ஒன்றைக் கொடுத்தார். வறுமைக்குச் சான்று கேட்கவில்லை. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் அந்த ஊர் கொண்டாடும் கொடை அது. அரசால் அப்படிக் கொடுக்க முடியாது. பொதுப்பணம் தகுதியற்றவருக்குப் போனால் தகுதியுள்ளவர் இழப்பார். ஆகவே வருமானம், சாதி, குடியிருப்புச் சான்றிதழ்கள் கேட்பது நியாயமே. தன் குறையைத் தானே மெய்ப்பித்துக் காட்டச் சொல்வது சுயமரியாதையைக் காயப்படுத்தும் என்று ஆங்கிலேயத் தத்துவவியலாளர் ஜொனாதன் வுல்ஃப் 1998இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். இரண்டும் உண்மை. ஒரே சான்றிதழுக்காகக் கூலியை விட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் பலமுறை நடக்கவைப்பதும், பணம் வருவதற்குள் கட்டணத்தைக் கட்டச் சொல்வதும் சரிபார்ப்பில் சேராது. வள்ளுவர் சொன்ன கடமை அறிந்தவருக்கு அவை பொருந்தா.

பெற்றவருக்குக் கடன் உண்டா என்பது எஞ்சும் கேள்வி. பரோடா ஒப்பந்தத்தில் கடன் எழுதப்பட்டிருந்தது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு அப்படிப்பட்ட பணி ஒப்பந்தம் கிடையாது. படித்து முடித்தவர் எங்கே, எந்த வேலைக்குப் போவது என்பதில் அரசுக்குச் சொல்ல எதுவும் இல்லை. நன்றி உண்டென்றால் அது வரி செலுத்திய எல்லோருக்கும் உரியது. அந்த வரியில், கடையில் சோப்பு வாங்கும்போதெல்லாம் மாணவரின் பெற்றோர் கட்டியதும் சேர்ந்திருக்கிறது.