சாயங்காலம் சாப்பா இல்லை

கொச்சித் துறைமுகத்தில் 1950-களில் கூலிக்கு ஆள் எடுத்த விதம் இது. விடிந்தும் விடியாததுமாக மட்டாஞ்சேரிக் கரையில் கூட்டம் திரண்டுவிடும். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கத் தேவைப்படும் ஆட்களைவிட நிற்கிறவர்கள் பல மடங்கு. ஒப்பந்தக்காரரின் கங்காணி உலோக வில்லைகளை அள்ளிக் கூட்டத்துக்குள் வீசுவான். அந்த வில்லைக்குச் சாப்பா என்று பெயர். அது யார் கையில் சிக்குகிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை, அவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். வரிசையில் நிறுத்தியும் கொடுத்திருக்கலாம். வீசினார்கள்.

கீழே நின்றவர்கள் மிதித்தார்கள், கடித்தார்கள், விழுந்து கிடந்தவனின் மூடிய விரல்களைப் பிரித்துப் பிடுங்கினார்கள்.

பல வருஷங்களுக்கு முன் பஜார் ரோட்டுச் சாயக்கடை ஒன்றில், எழுபதைத் தாண்டிய ஒரு பழைய சுமைத் தொழிலாளியோடு பேசிக்கொண்டிருந்தேன். இளவயதில் சாப்பாவுக்குப் பாய்ந்தவர். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரனின் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்து வில்லையைப் பறித்ததாகச் சொன்னார். வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். மறுநாள் அவன் இவரை எத்தித் தள்ளிவிட்டுத் தான் எடுத்துக்கொண்டானாம். “அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருந்ததா?” என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. பிறகு சிரித்துவிட்டு, “வைகிட்டு சாப்பா இல்லல்லோ, மோனே” என்றார். சாயங்காலம் சாப்பா கிடையாதே. அந்த நேரத்தில் அவன் பக்கத்து வீட்டுக்காரன். அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இவர் வீட்டிலிருந்து கஞ்சி போகும்.

மனிதன் பிறவியிலேயே நல்லவனா கெட்டவனா என்கிற வழக்கில் இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. காலையில் பார்த்தவன் ஒரு தீர்ப்பு எழுதுவான், சாயங்காலம் பார்த்தவன் வேறொன்று எழுதுவான். கங்காணி பார்த்தது காலையை மட்டும்தான்.

என் சித்தப்பா திருநெல்வேலியிலிருந்து போய் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதியவர். பேப்பரில் திருட்டு, வெட்டு, குத்து எதைப் படித்தாலும், “ஏல, மனுசப் பய புத்தியே பறிக்கிற புத்திதான். சுட்டாலும் போவாது” என்பார். அவர் கெட்டவர் அல்ல. கிடங்கில் மிளகு புடைக்கிற பெண்களுக்குக் கைமாற்றுக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்க மறந்துவிடுகிறவர். “மனுசப் பய” என்று சொல்லும்போது அந்தக் கணக்கில் தன்னைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். மனித சுபாவத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிற யாரும் தன்னைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

சாப்பா பழைய கதை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. 2005 டிசம்பர் 18 அதிகாலையில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்குத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 42 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் வாங்கப் போய் நான்கு பெண்கள் நெரிசலில் செத்தார்கள். இரண்டு தடவையும் டீக்கடையில் காதில் விழுந்த பேச்சு ஒன்றுதான்: “நம்ம சனத்துக்கு வரிசையில நிக்கத் தெரியாது.” இதே சனம் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வேலை பார்க்கிறது. ஆள் இல்லாத குடத்தை யாரும் நகர்த்துவதில்லை. கடைசிக் குடத்துக்கு வரும் முன்பே லாரியில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று ஒருநாள் தெரிந்துபோகட்டும், அன்றைக்குக் குழாயடிச் சண்டைதான்.

1953-இல் மட்டாஞ்சேரிக் கூட்டம் சாப்பா வேண்டாம் என்றது. வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. சாப்பா இல்லையென்றால் சோறு இல்லை என்றிருந்தவர்கள் அத்தனை நாள் அதைத் தொட மறுத்தார்கள். செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைதும் சைதலவியும் குண்டுபட்டு இறந்தார்கள். ஆன்டனி போலீஸ் அடியில் செத்தார். கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார்; அதிலிருந்துதான் ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படம் 2023-இல் வந்தது. ஒருவர் கையை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் துப்பாக்கிக்கு முன்னால் சேர்ந்து நின்றார்கள். 1959-இல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்களுக்கான திட்டம் வந்தது. பெயரைப் பதிந்தார்கள், முறை வைத்து வேலை கொடுத்தார்கள். யார் மனமும் திருந்தியதாக நான் நினைக்கவில்லை. பதிவேடு வந்தது, கடிக்க வேண்டிய அவசியம் போயிற்று.

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டால் எனக்கு வசதி. மனிதன் நல்லவன், ஏற்பாடுதான் கெட்டது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். கேரளத்தைத் தெரிந்தவர்கள் விடமாட்டார்கள். “நோக்குகூலி எங்கே?” என்பார்கள். வீட்டுக்கு மரச்சாமான் வருகிறது, வீட்டுக்காரரே இறக்கிக்கொள்கிறார். சுமைத் தொழிலாளர்கள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, பார்த்ததற்குக் கூலி கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் லாரி நகராது. இதை ஒழித்ததாக அரசு அறிவித்ததே 2018-இல்தான், அதுவும் மே தினத்தன்று. அதற்குப் பிறகும் உயர்நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. சாப்பாவிலிருந்து தொழிலாளியைக் காப்பாற்றியது பெயர்ப் பட்டியல். அப்படியொரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் பெயர் இல்லாதவன் சரக்கைத் தொடக்கூடாது என்று சொல்லும் காலமும் வந்தது. சாப்பாவுக்கு எதிராக நின்றவர்களை நினைத்தால் எனக்கு இது கசக்கிறது.

அப்படியானால் சித்தப்பா சொன்னதுதான் சரியா? சீனத்து ஞானி மென்சியஸ் அவரோடு ஒத்துப்போகமாட்டார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்த எவனுக்கும், அவன் யாராக இருந்தாலும், நெஞ்சு பதறும். அந்தப் பதற்றம் பிறவியிலேயே உள்ளது என்றார் அவர். நமக்கு இது ஏட்டுக் கிணறு அல்ல. 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுப் பிள்ளை விழுந்தபோது, தமிழ்நாடே தீபாவளியை மறந்து டிவி முன் உட்கார்ந்திருந்தது. முகம் தெரியாத பிள்ளைக்காக ஜனங்கள் சாப்பிடாமல் கிடந்தார்கள். அந்தப் பதற்றம் வேஷமல்ல. மென்சியஸ் சொன்னது சரிதான். ஆனால் கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010-லேயே விதிமுறை வகுத்திருந்தது. திறந்து கிடந்த குழிகளை எத்தனையோ பேர் தினமும் தாண்டிப் போனார்கள், நானும் போயிருப்பேன். விழும் குழந்தைக்குப் பதறுகிற மனசு, திறந்து கிடக்கும் குழிக்குப் பதறுவதில்லை. தினமும் கண்ணில் படுவது பழகிவிடுகிறது. நல்லது, கெட்டது இரண்டையும்விட நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது இந்தப் பழகிப்போகிற சாமர்த்தியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போனால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே பசி இல்லை, யாரும் எதையும் வீசவில்லை. 1492-இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களில் சிலர் அலைந்து திரிந்து கொச்சிக்கு வந்தார்கள். ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். 1568-இல் பரதேசி யூதத் தொழுகைப் பள்ளி எழுந்தது. கைவண்ணத்தில் நீலப் பூ எழுதிய சீன ஓடுகள் பதித்த தரை, மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள் என்று இன்றைக்கும் பார்ப்பவர்கள் வாய்பிளக்கிறார்கள். அந்தத் தரையில்தான் சிலர் உட்கார வேண்டியிருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு அங்கே பெஞ்சு கிடையாது, வேதச் சுருளான தோராவை வாசிக்கும் உரிமை கிடையாது, சம்பந்தம் பேச முடியாது. துரத்தப்பட்டு வந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. சம்பந்தம் பேசுவது பற்றி 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவரான தாவீது இப்னு சிம்ரா என்ற பெரிய ரபி, சடங்கை முறையாக முடித்துவிட்டால் அவர்களோடு மணவுறவுகூடக் கொள்ளலாம் என்று பதில் எழுதினார். பதில் வந்து சேர்ந்தது, பெஞ்சு மட்டும் இடம் கொடுக்கவில்லை.

விடுதலை பெற்ற அடிமைகளின் அந்த வழியில் 1882-இல் பிறந்தவர் ஏ.பி. சேலம். ஊர்ப் பெயரல்ல, ஆள் பெயர். வக்கீல், கொச்சி சமஸ்தானச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர், யூத காந்தி என்று பெயரெடுத்தவர். பொதுமேடையில் தொழிலாளர்களுக்காகப் பேசுகிற மனிதருக்குத் தன் கோயிலில் உட்கார இடம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் இருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கொடியவர்களா என்ன? வியாபாரத்தில் நாணயமானவர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவர்கள். அவர்களுக்குக் கண் பழகிப்போயிருந்தது. சேலம் செய்ததெல்லாம் அந்தப் பழக்கத்தைக் கெடுத்ததுதான். ஒவ்வொரு தொழுகைக்கும் அவரைப் பார்த்தாக வேண்டும். கட்டுப்பாடுகள் ஒன்றொன்றாகத் தளர்ந்தன, ஆனால் ஒரேயடியாகப் போகவில்லை. 1950-இல் அவருடைய மகன் பெஞ்சில் உட்கார்ந்த வெள்ளை யூதர்களின் குடும்பத்துப் பெண்ணை மணக்கப் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. சேலம் 1967-இல் இறந்தார். மட்டாஞ்சேரியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது.

இஸ்ரேல் பிறந்த பின் யூதர்கள் அலையலையாகக் கப்பலேறினார்கள். பொதுத்தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் இருந்தாக வேண்டும். அந்தப் பத்து தேறாமல், ஊர் பார்க்க வருகிற யூதப் பயணிகளை எதிர்பார்க்கும் நிலை வந்தது. வருகிறவருடைய பாட்டன் யாருக்கு அடிமையாக இருந்தான் என்று விசாரிக்க அங்கே ஆள் இல்லை. பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. சித்தப்பா இருந்திருந்தால், “ஆள் கிடைக்கலன்னா எந்தப் பயலுக்கும் நல்ல புத்தி தானா வந்துரும்ல” என்றிருப்பார். சேலம் போய் உட்கார்ந்தபோது ஆட்களுக்குப் பஞ்சமில்லை, சித்தப்பா. அப்போதே சிலர் தள்ளி உட்கார்ந்து இடம் விட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவரிடம் வாதாடிப் பார்த்திருப்பேன். ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.