தலை குனிந்தவன் குற்றவாளியா?

எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பேரன் பிடிவாதம் பிடித்தான். அவன் தகப்பன் இசைந்தான். என்னை யாரும் கேட்கவில்லை. வந்த அன்று அதற்கு வயது எட்டு வாரம். அட்டைப் பெட்டியிலிருந்து இறங்கியதும் கூடத்தின் நடுவில் நின்று நாற்புறமும் பார்த்துவிட்டு, அங்கேயே சிறுநீர் கழித்தது. அதன் கிருகப்பிரவேசம் அப்படி நடந்தேறியது.

யோசனை சொல்லப் பலர் வந்தார்கள். அசுத்தம் செய்த இடத்தில் அதன் மூக்கைப் பிடித்துத் தேய்க்க வேண்டும் என்றார் எதிர்வீட்டுக்காரர். "அடியாத மாடு படியாது" என்று பழமொழியை எடுத்து வைத்தாள் என் மனைவி. தடுப்பூசி போட்ட கால்நடை மருத்துவர் மட்டும் வேறு விதமாகப் பேசினார்.

"எட்டு வாரக் குட்டிக்கு அடக்கிக்கொள்ளத் தெரியாது என்பதில்லை ஐயா, முடியாது. மாதக் கணக்கு எத்தனையோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் பகலில் தாங்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். பார்வோ நோய் பொல்லாதது. கொல்லைப்புறமே போதும். அங்கே போய் முடித்த அந்தக் கணமே தட்டிக்கொடுத்து ஏதாவது தின்னக் கொடுங்கள். வீட்டுக்குள் செய்துவிட்டால் வாசனை போகும்படி கழுவுங்கள். வாசனை இருந்தால் மறுபடியும் அதே இடத்தைத்தான் தேடிவரும். அடிக்க மட்டும் வேண்டாம்."

கேட்டுக்கொண்டேன். கேட்பதும் கடைப்பிடிப்பதும் ஒன்றா என்ன?

மூன்றாவது வாரம் ஒரு மாலை, உலாவிவிட்டு வந்தேன். என் சாய்வு நாற்காலியின் காலருகே ஒரு குளம். தரையில் வைத்திருந்த புத்தகம் பாதி நனைந்திருந்தது. உரத்த குரலில் குட்டியைக் கூப்பிட்டேன். அது காதுகளை மடக்கி, வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. 'செய்த தப்பு அதற்கே தெரிகிறது!' என்று செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு அடி வைத்தேன். பயத்தில் அது அங்கேயே சிறுநீர் விட்டது. அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அரைமணி நேரம் கழித்து மருமகள் வந்தாள். "மாமா, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஆளை வரச் சொல்லியிருக்கிறேன்" என்றாள்.

அப்படியானால் குட்டியின் முகத்தில் நான் படித்த ஒப்புதல் வாக்குமூலம் எங்கிருந்து வந்தது? என் குரலிலிருந்துதான் வந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு எஜமானர் அறையைவிட்டுப் போவார். நாய் தின்றதா இல்லையா என்பதைத் திரும்பி வந்தவரிடம் சில சமயம் உண்மையாகவும் சில சமயம் மாற்றியும் சொன்னார்கள். அந்தக் 'குற்றவாளி முகம்' தின்றதைப் பொறுத்து வரவில்லை, திட்டியதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்ததாம்.

மகாபாரதத்தின் ஆதிபருவத் தொடக்கத்தில் ஒரு நாய்க்குட்டி வருகிறது. ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி செய்கிறபோது அவன் தம்பிமார் மூவரும் அதை அடித்துத் துரத்துகிறார்கள். அது அழுதுகொண்டு தாய் சரமையிடம் ஓடுகிறது. சரமை வந்து, அவிஸைப் பார்க்கவுமில்லை, நக்கவுமில்லை, என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அரச குமாரர்களிடம் பதில் இல்லை. எதிர்பாராத பயம் உங்களை வந்தடையும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். தருமன் சொர்க்க வாசலில் கைவிட மறுத்த நாயை நாம் எல்லோரும் அறிவோம். காரணமின்றி அடிபட்ட இந்தக் குட்டியை அநேகமாக மறந்துவிட்டோம்.

"பயமில்லாமல் ஒழுக்கம் வருமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழக்காமல் விடுவது கருணை ஆகாது. அப்படி விட்டால் துடைக்கிற வேலை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் தலையில் விழும். வளர்ந்த பிறகும் பழகாத நாயைத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கண்டிப்பு வேண்டும். ஆனால் கண்டிப்பு என்பது நேரம் தவறாமை. ஒரே இடம், ஒரே சொல், எல்லோருக்கும் ஒரே விதி. என் பேரன் அதற்கு 'உட்கார்' என்று கற்றுக்கொடுத்ததைப் பார்த்தேன். விரலிடுக்கில் ஒரு துண்டு இட்லியை அதன் மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்பக்கம் நகர்த்தினான். தலை நிமிர, பின்புறம் தானாகத் தரையில் அமர்ந்தது. உடனே இட்லி. நாலு நாளில் சொல் மட்டுமே போதுமானதாகிவிட்டது. அதில் எந்த இடத்திலும் பயத்துக்கு வேலை இருக்கவில்லை.

என்னுடைய இரண்டு அடிகளோ வேறொன்றைக் கற்றுக்கொடுத்தன. மறுநாள் முதல் குட்டி என் எதிரில் கூடத்தில் அசுத்தம் செய்யவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ச் செய்தது. தவறு நின்றுவிடவில்லை, மறைந்துகொண்டது. பயத்தால் வரும் ஒழுக்கம் அநேகமாக இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. கண்காணிக்கிறவர் இருக்குமிடம் வரைக்கும்தான் அதன் எல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இது நாய்க்குட்டியைப் பற்றிய கட்டுரையாகவே முடிந்திருக்கும். என் மகனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது என் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் காணாமற்போயிற்று. அவனைக் கூப்பிட்டு அதட்டினேன். தலை குனிந்து நின்றான். வாய் திறக்கவில்லை. அந்தக் குனிந்த தலையையே சாட்சியாக வைத்துக்கொண்டு அடித்தேன். வாதியும் நான், சாட்சியும் நான், நீதிபதியும் நான். அந்தப் பணத்தை அவன் எடுத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் சாப்பிடும்போது மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு ஞாபகமில்லை அப்பா" என்றான். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அவனும் அப்போது தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இம்முறை அந்தக் குனிந்த தலைக்கு நான் எந்தப் பொருளும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லை முருங்கை மரத்தடிக்குப் போகிறேன். அது முகர்ந்து முகர்ந்து இடம் தேடுகிறவரை காத்திருக்கிறேன். சில நாள் கால்மணி நேரம்கூட ஆகிறது. நேற்று நான் குனிந்து கையை நீட்டியபோது, காதுகளை மடக்காமல் அதுவாகவே அருகில் வந்தது.