பெருமை எவர்க்கு உரியது?

ஒரு நன்மை பலர் கைப்பட்டு விளைந்ததாயின், அதனைக் குறித்துப் பெருமை கொள்ளும் உரிமை எவர்க்கு உண்டு? வினா பழையதே, எனினும், குழந்தை மருத்துவத்துறையுட் கணனி புகுந்த பின்னர் அது புதிய கூர்மை பெற்றுள்ளது.

இலங்கையின் அனுபவம் இதனை ஆராய்வதற்கு ஏற்றதாகும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009இல் உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிக் கற்கைநெறியைத் தொடங்கியது. அதிற் பயின்ற மருத்துவர்களும் மென்பொருள் வல்லுநர்களும் கூடி, டி.எச்.ஐ.எஸ்.2 என்னும் இலவச மென்பொருளை இந்நாட்டுத் தேவைக்கு இசைவித்தனர். தென்னாபிரிக்காவில் 1990களில் வேர்கொண்ட அம்முயற்சியை இன்று வளர்த்து வருவது நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம். தாய் சேய் நலம் பற்றிய தரவுகளைத் திரட்டவும், போசாக்குக் குறைந்த சிறுவரைப் பின்தொடரவும் அம்மென்பொருள் இங்கு பயன்பட்டுள்ளது. இப்பணியைக் குறித்து அக்குழுவினர் பெருமை கொள்ளலாமா?

கூடாதென்பார் காட்டும் நியாயம் வலியது. மலேரியா கொள்ளை கொண்ட 1935இல், இங்கு பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி கணனி வருமுன்னரே நிகழ்ந்துவிட்டது. 1926இல் களுத்துறையில் ஆரம்பமான சுகாதார அலகு முறையும், இலவச மருத்துவமும், தடுப்பூசியும், பெண் கல்வியும், வீடு வீடாய் நடந்த மருத்துவமாதரின் கால்களுமே அதனைச் சாதித்தன. அவர்தம் பதிவேடு காகிதத்தாலானது. ஆயினும் அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் இருந்தது.

மறுமொழியும் அவ்விடத்தேதான் பிறக்கின்றது. பதிவேட்டிலிருந்து தலைமையகம் நோக்கிச் செல்லச் செல்லப் பெயர் தொகையாயிற்று; தொகை சராசரியாயிற்று. வெள்ளவத்தை அடுக்குமாடியில் வளரும் குழந்தையும், கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தோட்டக் குடியிருப்பில் வளரும் குழந்தையும் கொழும்பு மாவட்டத்தின் ஒரே எண்ணுக்குள் அடங்குவர். ஒன்றன் நிறைவு மற்றதன் குறையை மறைத்துவிடும். அம்மறைப்பை நீக்கி, எடை குன்றிய குழந்தை எத்தெருவில் உள்ளதென உரியவர் உரிய காலத்தில் அறியச் செய்யின், கணனி அறத்தின் கருவியாகின்றது. அதனை ஆக்கியோர் மகிழ்வது தகும்.

ஆயின், அறிதல் வேறு, ஆற்றுதல் வேறு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவும் அரிசியும் எட்டா விலைக்கு ஏறின. அத்தகைய வேளையில் எடைக்கோடு தாழ்வதைத் திரை காட்டலாம். பானையில் அரிசி இடுவது திரையன்று. காகிதத்தில் எழுதியதையே மீண்டும் கணனியிலும் எழுதுமாறு மருத்துவமாது பணிக்கப்படின், குழந்தைக்குரிய நேரத்தை அக்கருவியே கவர்ந்ததாகும். தாய் நம்பித் தந்த செய்தி பிறர் கைக்குச் செல்லின், அது நம்பிக்கைக் கேடுமாகும்.

பெருமையும் பெருமிதமும் ஒன்றன்று என்பதை வள்ளுவர் நன்கறிவார். தொட்டில் செய்த தச்சன் அதன் உறுதி கண்டு மகிழலாம். குழந்தையை வளர்த்தவன் தானே என்று கூறலாகாது. அதேவேளை, தொட்டில் முறிந்தால் பழியைத் தாய்மேற் சுமத்தவும் அவனுக்கு உரிமையில்லை. விளைந்த நன்மையைப் பலரோடு பகிர்ந்து, நேர்ந்த குறையைத் தமதென ஏற்பவரிடத்தே பெருமை அறமாகின்றது. எடை தேறிய குழந்தை அவர்தம் பெயரை ஒருபோதும் அறியப்போவதில்லை. அதனாற் குறையாத மகிழ்ச்சியே அவர்க்கு உரிய மகிழ்ச்சி எனலாம்.