பத்து நாள் தவணை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. மயிலாப்பூர் போன்ற ஒரு பேட்டையில் இது சிறிய செய்தியல்ல. கச்சேரி சாலையிலிருந்து மந்தைவெளி வரை, ஓய்வுபெற்றவர்கள் வாழும் எத்தனையோ வீடுகளில் கூடத்து மூலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கும் கேசட்டிலிருந்து கணினிக்கும் வந்த மார்கழிக் கச்சேரிகள், அறுபத்து மூவர் உற்சவப் படங்கள், யாரோ ஒரு தாத்தா உட்கார்ந்து தட்டச்சு செய்த வம்ச வரலாறு எல்லாம் அதில்தான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை தொலைபேசியில் சொல்கிறான், “அப்டேட் பண்ணிடுங்கோப்பா.” அப்பா பண்ணுகிறார். மறுநாள் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிடுகிறது.

சிவப்பாவதற்குக் காரணம் உண்டு. புதிய பதிப்பு வந்ததும் பழையதை விண்டோஸ் உடனே தூக்கி எறிவதில்லை. ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறையில் அதை அப்படியே வைத்துக்கொள்கிறது. புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிப் போவதற்கான ஏற்பாடு இது. இருபது ஜி.பி.யைக்கூட இது சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். திரும்பிப் போக முதலில் முப்பது நாள் தவணை இருந்தது. 2016-இல் அதைப் பத்து நாளாகக் குறைத்தார்கள். தவணை முடிந்ததும் கோப்புறை தானாகவே நீங்கும். அதுவரை பொறுக்காதவர்கள் ‘டிஸ்க் கிளீனப்’ மூலம் முன்பே நீக்கலாம். இதில் தவறேதும் இல்லை. வழக்கமான புதுப்பிப்புக்குப் பிறகு அந்தக் கோப்புறை போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் அதே பெயரில் வேறொன்றும் உண்டு. கணினி முரண்டு பிடிக்கிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், டிரைவை ஃபார்மேட் செய்யாமல் அதன் மேலேயே புதிதாக ஓ.எஸ். போடுவார்கள். அப்போது பழைய விண்டோஸோடு பழைய ‘யூசர்ஸ்’ கோப்புறையும் விண்டோஸ்.ஓல்டுக்குள் போய்விடுகிறது. டெஸ்க்டாப்பில் இருந்தது, டாக்குமென்ட்ஸில் இருந்தது, படங்கள், பாட்டுகள் அனைத்தும் அதற்குள்தான். முதல் வகையில் அது கழிவு. இரண்டாம் வகையில் அதுவே வீடு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. “மாமா, சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா?” என்று கடைப் பையன் கேட்கிறான். சி டிரைவ் என்பது எது என்று மாமாவுக்குத் தெரியாது. “ஒண்ணும் இருக்காதுப்பா” என்கிறார்.

இந்த ஒரு கேள்வி பதிலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இடம் போதாதபோது கணினி எல்லாவற்றையும் அளவால் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அளவுக்கும் மதிப்புக்கும் தொடர்பே கிடையாது. திருக்குறள் 1330 பாக்களையும் யூனிகோடில் வெறும் எழுத்தாகச் சேமித்தால் கால் எம்.பி.கூட வராது, கைப்பேசியில் எடுத்த ஒரே படம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். அவசரத்தில் அழிக்கப்படும் கடிதங்களாலும் குறிப்புகளாலும் கணினிக்கு இடம் மிச்சமாவதேயில்லை.

எழுத்துருக்களும் சிறியவைதான். 1990களில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு யூனிகோடு இல்லை. டாம், டாப், டிஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம், டி.டி.பி. நிறுவனங்களுக்குத் தனித்தனி முறைகள் வேறு. தமிழக அரசே 2010-இல்தான் யூனிகோடை ஏற்றது. எனவே அந்தக் காலத்து வம்ச வரலாற்றைப் படிக்க அந்தக் காலத்து எழுத்துரு வேண்டும். பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறை போனால் அதுவும் போகும். கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவியலாக வரும். “கரப்ட் ஆயிடுச்சு” என்று சொல்லி அதையும் அழித்துவிடுவார்கள். உண்மையில் அது கெடவேயில்லை. பெரும்பாலான குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றித்தர என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. அது தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இயந்திரமே துப்புரவு செய்யட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. 2018 அக்டோபர் 2 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய ஆவணங்களை அழித்தது. டாக்குமென்ட்ஸ் கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றியவர்களின் கணினியில், பழைய இடத்தில் அதே பெயரில் இன்னொரு கோப்புறை தங்கிவிடும். அது காலியாகத்தான் இருக்கும் என்று நம்பி, தேவையற்ற இரட்டைகளை நீக்க ஒரு நிரல் எழுதினார்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அந்த நிரல் பார்க்கவில்லை. சில நாளில் வெளியீட்டை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டார்கள். இழப்பு நேர்ந்ததாக வந்த புகார்கள் பத்தாயிரத்தில் ஒன்று என்றது மைக்ரோசாஃப்ட். அந்த ஒருவருக்கு இழப்பு முழுசு.

நம் ஊரிலும் துப்புரவு இப்படி நல்லெண்ணத்தோடுதான் நடந்திருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனதை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்ற விதிப்படி அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அவருக்குப் பதில் கிடைத்தது. அதைச் செய்தவர்களுக்கு விரோதம் ஏதுமில்லை. விதியை மதித்தார்கள், இடத்தைச் சுத்தமாக்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஓர் ஆள் அங்கே இல்லை. ஐயர் தேடிச் சேர்த்த சுவடிகள் அவர் பெயரால் 1943-இல் தொடங்கிய நூலகத்தில், மயிலாப்பூருக்கு அருகிலேயே பெசன்ட் நகரில் இருக்கின்றன. ஓர் ஊரில் எரிந்த நூலுக்கு இன்னோர் ஊரில் பிரதி கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அவர் அலைந்தார். ஒரு வீட்டின் கணினியில் இருக்கும் வம்ச வரலாற்றுக்கு எந்த ஊரிலும் இரண்டாம் பிரதி கிடையாது.

பழைய ஹார்டு டிஸ்க்கில் அழித்ததைச் சில சமயம் மீட்க முடிந்தது. இன்றைய எஸ்.எஸ்.டி.யில் அழித்த பகுதியை இயந்திரமே சீக்கிரம் துடைத்துவிடுகிறது. மீட்பது அநேகமாக நடக்காது. கணவர் மறைந்த பிறகு அவருடைய கணினியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மாமிக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்? எது எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் இப்போது இல்லை.

ஆகவே கடைக்காரர்களிடம் கேட்பது இது. “முக்கியமா ஏதாவது இருக்கா?” என்று கேட்டு நிறுத்தாதீர்கள். விண்டோஸ்.ஓல்டை நீக்குமுன் அதற்குள் யூசர்ஸைத் திறந்து, கணினிக்கு உரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். ஃபான்ட்ஸோடு சேர்த்து அதை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்த பிறகு இடத்தைக் காலி செய்யுங்கள். இதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பவர்கள் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.