தராசுக்கு முத்திரை போடுவது யார்?

தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கும் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சந்தையில் ஒரு மீன்காரம்மா கேட்டார்: "எங்க கல்லுக்கு நீங்க முத்திரை போடுறீங்க. உங்க கல்லுக்கு யாரு சார் போடுறது?" மேலே ஒரு கல், அதற்கும் மேலே டெல்லியில் ஒன்று என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். பௌத்தத் தத்துவஞானி நாகார்ஜுனர் கேட்டதும் இதுதான். பொருளை நிறுவுவது அளவை (பிரமாணம்) என்றால், அளவையை நிறுவுவது எது? இன்னோர் அளவை என்றால் அதற்கு முடிவேது?

சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கிக்கும் இந்தக் கேள்வி இருந்தது. 1999 ஜூலையில் மேலே போனது. போனபின் யாரும் தொட முடியாது. அதனால் 1996 இறுதியிலிருந்து மாதக்கணக்கில் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் வைத்து அதன் ஆடிகளைச் சோதித்தார்கள். விண்மீனின் கதிர்கள் இணையாக வரும். பூமியில் அதற்கு வழியில்லை. அரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமான குழாயில் காற்றை உறிஞ்சிவிட்டு, ஒரு முனையில் எக்ஸ்ரே மூலத்தையும் மறுமுனையில் ஆடியையும் வைத்தார்கள். அப்போதும் கதிர்கள் கொஞ்சம் விரிந்தே வந்தன. போதாததற்கு, ஆடி தன் எடையாலேயே இங்கே துளி வளையும், மேலே வளையாது. இரண்டையும் கணக்குப் போட்டுக் கழித்தார்கள். சரி, குழாயில் வந்த கதிரை அளந்த கருவிகளை நம்புவது எப்படி? அவற்றை பெர்லினில், எலெக்ட்ரான்கள் சுற்றும் வளையத்தின் ஒளியில் சோதித்திருந்தார்கள். அந்த ஒளி எவ்வளவு என்பதை இயற்பியல் விதியிலிருந்தே கணக்கிடலாம்.

மீன்காரம்மா விடமாட்டார். அந்த விதியைச் சோதித்தது எந்தக் கல்?

நையாயிகர்களின் மூலநூலான நியாய சூத்திரம் இதற்குத் தராசையே உதாரணம் காட்டுகிறது. பொன்னை நிறுப்பது தராசு. அதன்மேல் சந்தேகம் வந்தால், எடை தெரிந்த பொன்னை வைத்துத் தராசைச் சோதிக்கிறோம். அளப்பதும் அளக்கப்படுவதும் இடம் மாறிக்கொள்ளலாம். நாகார்ஜுனர் சிரிப்பார்: மகனால் தகப்பன், தகப்பனால் மகன் என்றால் யார் யாரைப் பெற்றது?

சந்திரா மேலே போன சில வாரங்களிலேயே, புரோட்டான்கள் அதே ஆடிகள் வழியாக உள்ளே பாய்ந்து கேமராச் சில்லுகளைக் கெடுத்தன. ஹன்ட்ஸ்வில் சான்றிதழை அந்தச் சில்லுகளுக்கு அப்படியே நம்ப முடியாமல் போயிற்று. இனி வானத்தையும் எடைக்கல்லாக்க வேண்டும். காசியோப்பியா ஏ போன்ற வெடித்த விண்மீன்களின் மிச்சங்களைப் பார்த்துக் கருவியைத் திருத்தினார்கள்.

வானத்து எடைக்கற்களில் பேர்போனது நண்டு நெபுலா. எக்ஸ்ரே வானியலில் பிரகாசத்துக்கு அலகே அதுதான். 2008லிருந்து இரண்டே ஆண்டில் அது சுமார் 7 சதவீதம் மங்கிவிட்டது என்று 2011இல் ஒரு கட்டுரை வந்தது. கருவி பழுதா, கல் தேய்ந்ததா? தனித்தனியாகச் செய்யப்பட்ட பல செயற்கைக்கோள்களின் கருவிகள் ஒரே குறைவைக் காட்டியதால் தேய்ந்தது கல்தான் என்று தெரிந்தது.

நாகார்ஜுனருக்கு என் பதில் இங்கே இருக்கிறது. ஒன்றையொன்று தாங்குவது குற்றமில்லை. தாங்கும்போதே ஒன்று மற்றொன்றைப் பிழை என்று சொல்ல முடிய வேண்டும். வேதம் யாரும் ஆக்காதது, அதனால் பிழையற்றது என்ற மீமாம்சகரின் வாதத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. மறுசோதனைக்கு வராத கல்லுக்கு நான் முத்திரை போட்டதில்லை. வேதமானாலும் குருவானாலும் போடமாட்டேன். நான் நையாயிகர் கட்சி.